பாசஞ்சர் போன பிறகு

பின்னால் பார்த்துக்கொண்டே முன்னால் போகிற வேலை என்னுடையது. எஞ்சின் கண்டதையெல்லாம் நான் கடைசியாகத்தான் காண்பேன். மாடு மிரண்டு ஓடிய பிறகு அது கிளப்பிய புழுதி, ஆள் ஒதுங்கிய பிறகு அவன் வாயிலிருந்து வருகிற வசவு, எனக்கு வாய்ப்பது இவ்வளவுதான். கார்டு என்றிருந்த பெயரை ட்ரெயின் மேனேஜர் என்று மாற்றினார்கள், சரி, மேனேஜருக்கு ஒரு மின்விசிறி மாட்ட வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பங்குனி வெயிலில் இந்த பிரேக் வேன் என்னும் தகரக் கூண்டில் உட்கார்ந்து வேகிறேன். முன்னால் நிலக்கரி. நாக்கில் நிலக்கரி. சாப்பிட்ட தயிர்சாதத்திலும் அதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருக வேண்டிய நேரம், இன்று செருகவில்லை, ஏனென்றால் வண்டி இன்று போக வேண்டிய வழியில் போகவில்லை. மின்கம்பி போட்ட புது லைனில் எங்கோ ஒரு கூட்ஸ் தடம் புரண்டு கிடக்கிறதாம், அனல்மின் நிலையத்தில் கரி தீரப்போகிறதாம், கன்ட்ரோலில் எவரோ படத்தைப் பார்த்து விரலை நகர்த்தி எங்களைப் பழைய மெயின் லைன் பக்கம் திருப்பிவிட்டார். மெயின் லைன். இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள், வேலை போன பிறகும் ஒருவரைத் தாசில்தார் என்றே கூப்பிடுகிற மாதிரி. பகலில் ஒரு பாசஞ்சர் போகும், மாலையில் அதே பாசஞ்சர் திரும்பி வரும், அவ்வளவுதான் மெயின் லைன். பாலம் தாங்காது என்று ஜங்ஷனில் எங்கள் வண்டியைப் பாதியாக வெட்டினார்கள். கம்பி இல்லாத தடம் என்பதால் ஒரு கிழட்டு டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டினார்கள், அதையும் பின்பக்கம் முன்னால் இருக்கும்படி மாட்டினார்கள், திருப்பி மாட்ட நேரமில்லையாம். டிரைவர் கனகவேல் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த நீளமூக்குக்குப் பின்னால ஒக்காந்துகிட்டு நான் எதைப் பாக்க? ஒங்க ஊரு லைன்தானே கார்டு சார், நீங்கதான் அப்பப்ப சொல்லணும்." எங்கள் ஊர் லைன்தான். அதனால்தான் உட்கார முடியாமல் எழுந்துகொள்கிறேன்.

வேனின் பின்தட்டில் நின்று பார்க்கிறேன். எங்களுக்கு அடியிலிருந்து தண்டவாளம் வெளியே வந்து வந்து சிறுத்துப் போகிறது. அதன் மேல் ஏதோ சிவப்பு. கம்பியில் சிவப்பு, கட்டையில் சிவப்பு, பிறகுதான் தெரிகிறது, மிளகாய். யாரோ தடத்தின் நடுவில் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் கையை நீட்டி என்னைச் சபிக்கிறாள். என் காதில் விழவில்லை, விழாமலே விளங்குகிறது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பாசஞ்சர் போன பிறகு இந்தத் தடம் அவர்களுடையது. சிக்னல் கம்பத்தில் ஆடு கட்டுவார்கள், கம்பியில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள், நெல் காயப்போடுவது எல்லாம் இங்கேதான். ஒரு கூட்ஸ் வரும் என்று யார் சொன்னது அவர்களுக்கு? ஸ்டேஷன்களில் ஆளே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் புறா குடியிருக்கிறது. கேட் இருக்கிற இடத்தில் கேட்காரர் சொல்வார், கேட்டுக்கு நெடுந்தூரத்தில் இருக்கிறவருக்கு யார் சொல்வது? "பாசஞ்சர் போயிருச்சில்ல, இனிமே சாயங்காலந்தான்." இந்தப் பக்கத்தில் எல்லார் வாயிலும் இருக்கிற பேச்சு இது. கடிகாரம் பார்க்காத வீட்டில்கூட இதைச் சொல்லித்தான் உலை வைக்கிறார்கள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள். அக்காவும் இதைத்தான் சொல்வாள். சொல்லிவிட்டுப் பாலத்தில் ஏறுவாள்.

பிரகாசி அக்கா. அம்மா போன பிறகு என்னை இடுப்பிலும் பிறகு தோளிலும் பிறகு வார்த்தையாலும் தூக்கி வளர்த்தவள். எனக்கு தைரியநாதன் என்று ஞானஸ்நானத்தில் பெயர் வைத்துவிட்டார்கள், நானோ பல்லி விழுந்தால் கத்துகிறவன், "டேய் தைரியம், ரயில்வேக்காரன் ஆனியே, ரயிலைக் கண்டாவது பயப்படாம இருக்கியா?" என்று இன்றைக்கும் கேட்பாள். மருதங்குடி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். பள்ளிக்கூடம் ஆற்றுக்கு இந்தக் கரையில், எங்கள் தெரு அந்தக் கரையில், நடுவில் புத்தாறு. ரோட்டுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய் எத்தனையோ வருஷம், கட்டுகிறோம் கட்டுகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் கல் நடுகிறார்கள். ஆகையால் ரயில் பாலம். நடுவில் தகடு பதித்த ஒற்றையடிப் பாதை, ஒருவர் பின்னால் ஒருவர்தான் நடக்க முடியும், இரண்டு பக்கமும் கைப்பிடி கிடையாது, கட்டைகளின் இடுக்கில் கீழே ஆறு தெரியும். பாலத்தின் மத்தியில் வலப்பக்கமாக, ஆள் ஒதுங்க இரும்பில் ஒரு சின்ன மேடை நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றிக் கம்பி. அதை ஊரில் கூண்டு என்பார்கள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, சமையல்கூடத்தைப் பூட்டி, மிச்சத்தைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு அக்கா பாலம் ஏறுகிற நேரம் இதுதான். இதுவேதான். அதிலும் அக்காவுக்குக் காது கேட்பதில்லை. நான் வாங்கிக் கொடுத்த காது மிஷினை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள், "உள்ள ஈ புகுந்த மாதிரி இருக்குடா, எனக்கு எதுக்கு, லூர்து இருக்காள்ல" என்றாள்.

லூர்துதான் அக்காவின் காது. பக்கத்து வீடு, என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், சத்துணவில் அக்காவுக்கு உதவியாள். பாலத்தில் அக்கா முன்னால் போவாள், லூர்து பின்னால் ஒரு கையில் தன் தூக்குவாளியும் மறு கையில் அக்காவின் முந்தானையுமாக வருவாள். ஒரு தரம் இழுத்தால் நில் என்று அர்த்தம், விடாமல் இழுத்தால் கூண்டில் ஏறு என்று அர்த்தம். இரண்டு பேரும் அதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எனக்குச் செய்து காட்டினார்கள், கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது, வீட்டுக் கூடத்தில், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு. "சிரிக்காத கார்டு" என்றாள் லூர்து, அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், "ஒங்கக்கா ஏறுனாலே கூண்டு ரொம்பிடும். நெசமாலும் ரயிலு வந்துச்சுன்னு வையி, எனக்கு ஏது எடம்? நான் ஆத்துல குதிச்சிர வேண்டியதுதான்." அக்காவுக்குக் காதில் விழவில்லை, லூர்து கை காட்டியதைப் பார்த்தே புரிந்துகொண்டு அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அப்போது ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அணையை மூடிவிட்டார்கள். இப்போது மணல்.

அதை ஏன் நினைக்கிறேன். நினைக்கக் கூடாது. நினைப்பதால்தான் நடக்கிறது என்று ஒரு பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. மறுபடி போன் போடுகிறேன். மணி போகிறது, வீட்டு அலமாரியின் மேல் அது தனியாக அலறிக்கொண்டிருக்கும், அக்கா போனை வேலைக்குக் கொண்டுபோக மாட்டாள், கேட்காத காதுக்குப் போன் எதற்கு என்பாள். நான் ஊருக்குப் பேசுவது எப்போதும் அக்காவின் போனில்தான், எடுப்பது எப்போதும் லூர்துதான், "சொல்லு கார்டு, அக்கா பக்கத்துலதான் நிக்கிது, நான் சொல்லிர்றேன்" என்பாள், நான் சொல்வதை அவள் அக்காவுக்குக் கையால் சொல்வாள், அக்கா சொல்வதை எனக்குச் சொல்வாள். லூர்துவிடம் சொந்தமாக ஒரு போன் உண்டு. அதன் எண் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் கேட்டு வாங்கத் தோன்றியதே இல்லை. சாப்பிட்டாயா என்றுகூட அவளை நான் கேட்டதில்லை, அவள்தான் கேட்பாள். பங்குத்தந்தையின் எண் இருக்கிறது, அவர் எடுக்கவில்லை, தவக்கால வெள்ளி, சிலுவைப்பாதைக்கு முன்னால் படுத்துத் தூங்குவார். சுண்டல், இன்று வெள்ளிக்கிழமையில் சுண்டல் உண்டா? சுண்டல் என்றால் சட்டி கழுவ நேரமாகும். நேரமாகட்டும். சட்டி அடிப்பிடிக்கட்டும், பிள்ளைகள் இரண்டாம் தரம் கேட்கட்டும், பூட்டு சிக்கிக்கொள்ளட்டும், ஆண்டவரே.

வாக்கி-டாக்கியை எடுக்கிறேன். "கனகவேல் சார், அடுத்தாப்ல புத்தாத்துப் பாலம். ஜனங்க அதுலதான் நடப்பாங்க. பாலத்துக்கு முன்னாடி நிறுத்தி, பாத்து எடுக்கலாமா?" கரகரவென்று சத்தம், பிறகு அவர் குரல். "நிறுத்தவா? பாலத்துக்கு ஏத்தமா இருக்கே சார். ஏத்தத்துல நின்னா இந்தக் கெழவி மறுபடி இழுக்க மாட்டா. ஓட்டமா எடுத்தாத்தான் ஏறும். நான் ஹார்ன விடாம அடிக்கிறேன், போதுமா?" "எங்கக்கா அந்த நேரத்துக்குத்தான் வரும் சார்." இதைச் சொன்னதும் வெட்கமாக இருந்தது. "ஹார்ன் கேட்டா ஒதுங்கிரமாட்டாங்களா?" என்றார். "அதுக்குக் காது கேக்காது." "கூட யாராச்சும் வருவாங்கல்ல?" "வருவாங்க." "அப்புறம் என்ன சார்." அப்புறம் என்ன. அவர் சொல்வதும் சரிதான். கன்ட்ரோல் அவரை விரட்டுகிறது, அவருக்கு என் அக்காவைத் தெரியாது. தலைக்கு நேரே சிவப்புப் பிடி தொங்குகிறது. இதை இழுத்தால் பிரேக் காற்று இறங்கும், வண்டி நின்றுவிடும். ஏற்றத்துக்கு முன்னாலேயே இழுத்துவிடலாம். இழுத்தால் கேட்பார்கள். ஏன் இழுத்தீர்? என் அக்கா பாலத்தில் இருக்கலாம் என்று தோன்றியது. இருந்தாரா? தெரியாது. பார்த்தீரா? நான் கடைசிப் பெட்டியில் இருந்தேன். ஒருமுறை புகை நாறுகிறது, சக்கர அச்சு சூடேறிவிட்டது என்று இழுத்து நிறுத்தி இறங்கி ஓடினேன், பக்கத்து வயலில் ஒருவர் அறுத்த நெல் தாளைக் கொளுத்திக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நாங்கள் தங்கும் ரன்னிங் ரூமில் நான் சோறு தின்ன உட்கார்ந்தால் எவராவது மூக்கை உறிஞ்சி "தைரியநாதா, புகை வருது பாரு" என்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கை பிடியைத் தொடுகிறது. இரும்பு சுடுகிறது. கை இறங்கிவிடுகிறது. பள்ளிக்கூடம் வரட்டும். சமையல்கூடத்தில் புகை வந்தால், கதவு திறந்திருந்தால், அவர்கள் இன்னும் உள்ளேதான். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இதை நான் ஒரு முடிவு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் எனக்கு வெகுதூரம் முன்னால் போகிறது என்பதும், பள்ளிக்கூடத்தை நான் பார்க்கும்போது அது பாலத்தைத் தொட்டிருக்கும் என்பதும் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் தெரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வண்டி வேகம் எடுக்கிறது. வேன் இரண்டு பக்கமும் அடித்து ஆடுகிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கக் கதவில் நிற்கிறேன். ஹார்ன். கனகவேல் சொன்னபடியே விடாமல் அடிக்கிறார், எதிர்க்காற்று வீசுவதால் எனக்கு நன்றாகக் கேட்கிறது, பாலத்துக்குக் கேட்குமா? ஆலமரம், மைதானம், ஓட்டுக் கட்டடம். சமையல்கூடம். புகை இல்லை. கதவு சாத்தியிருக்கிறது, கதவில் பூட்டு, வாசலில் கவிழ்த்து வைத்த அண்டா வெயிலில் கண்ணைக் கூசுகிறது. தண்ணீர் சொட்டுகிறதா? இப்போதுதான் கழுவியதா? அதற்குள் அண்டா போய்விட்டது. பிடிக்குக் கையைத் தூக்குகிறேன், தூக்கும்போதே பெட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சத்தம் வருகிறது, முன்னாலிருந்து பின்னால், வரிசையாக, கடைசியில் என் வேன் அடிபட்டு நான் சுவரில் மோதுகிறேன். பிரேக். அவரே போட்டுவிட்டார். வாக்கி-டாக்கியில் குரல் கத்துகிறது. "ஆளுங்க! பாலத்துல ஆளுங்க! ரெண்டு பேரு!"

பாரம் ஏற்றிய வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. சக்கரம் கம்பியைத் தேய்க்கிற நாற்றம், பொறி, புழுதி, போய்க்கொண்டே இருக்கிறது. "ஏறிட்டாங்களா? கூண்டுல ஏறிட்டாங்களா?" என்று கத்துகிறேன். வேறு யாராவதாக இருக்கட்டும். ஆடு மேய்க்கிறவர்கள், ரேஷனுக்குப் போகிறவர்கள், எத்தனை பேர் நடக்கிறார்கள் இந்தப் பாலத்தில். மறுபடி குரல், இந்தத் தடவை அடங்கிப்போன குரல். "எஞ்சின் தாண்டிருச்சு சார். ஒருத்தங்க கூண்டுல நிக்கிறாங்க. இன்னொருத்தங்களக் காணோம். மூக்குக்கு முன்னால இருந்தாங்க, அப்புறம் தெரியல." ஒருவர் நிற்கிறார். ஒருவரைக் காணோம். நான் கேட்கிறேன், என் வாய்தான் கேட்கிறது, "நிக்கிறது தடியா, ஒல்லியா?" அந்தப் பக்கம் அவருக்குப் புரியவில்லை. "என்ன சார்?" "நிக்கிற பொம்பளை தடியா இருக்கா, ஒல்லியா இருக்கா?" பதில் வருவதற்குள் நான் வேண்டிக்கொண்டேன். தடி என்று வரட்டும், மாதாவே, தடி என்று வரட்டும், அக்காவாக இருக்கட்டும். இப்படி வேண்டிக்கொண்டால் இன்னொன்றையும் சேர்த்தே வேண்டுகிறேன் என்பது தெரிந்துதான் வேண்டினேன். லூர்துவின் முகம் வந்தது, அதைத் தள்ளிவிட்டேன். கொஞ்சமும் தயங்கவில்லை. "தடியாத்தான் சார் இருந்தாங்க" என்றது குரல். என் சாமான் பெட்டிமேல் உட்கார்ந்தேன், ஆனந்தம், வேறு என்ன சொல்ல, ஆனந்தம்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் காயும் முன் வேன் பாலத்தில் ஏறிவிட்டது. அடியில் மண்ணின் சத்தம் போய் இரும்பின் சத்தம் வருகிறது. வண்டி நடை வேகத்துக்கு வந்து, முனகி, நிற்கப்போகிறது. இடப்பக்கக் கதவு திறந்தே இருக்கிறது. பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். வெகு கீழே மணல், மணலில் ஒரு தூக்குவாளி, அதன் மூடி வேறொரு இடத்தில், சுற்றிலும் வெள்ளையாகச் சோறு. கொஞ்சம் தள்ளி நீலப் புடவை. நீலம் அசையவில்லை. காற்றில் ஓரம் மட்டும் அசைகிறது.

வண்டி நின்றுவிட்டது. வலப்பக்கக் கதவுக்குப் போகிறேன். கையெட்டும் தூரத்தில் கூண்டு, கூண்டு முழுக்க அக்கா. உடம்பெல்லாம் கரித்தூள், கம்பியைப் பிடித்திருந்த கைகள் விடமாட்டேன் என்கின்றன. என்னைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, பிறகு முகம் விரிந்தது. காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கப் பேசினாள், அந்தப் பாலம் முழுக்கக் கேட்கும்படி. "டேய் தைரியம்! நீதானாடா இது? ஒன் வண்டிதானாடா! செத்துப் பொழச்சேன்டா. ஹார்ன் கேக்குதுன்னு அப்பவே இழுத்துக் கையக் காட்டுனா லூர்து. நாந்தான், பாசஞ்சர் போயிருச்சேடி, ரோட்டுல லாரியா இருக்கும், நடன்னேன். அப்புறம் பாத்தா விடாம இழுக்குறா. இழுத்து இதுல ஏத்திவிட்டா." தோளிலிருந்து முந்தானையை முன்னால் எடுத்து எனக்குக் காட்டினாள். நுனி கசங்கி, ஈரமாக, முறுக்கிப் பிடித்த கையின் அடையாளம் அப்படியே இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பக்கத்து மணலுக்கும் நடுவில் நானும் வண்டியும் இருந்தோம்.

"அவ எங்கடா? எனக்குப் பின்னாடிதானே நின்னா. அந்தப் பக்கமா ஒன் வண்டியில ஏறிட்டாளா? நீ ஏத்திக்கிட்டியா?"

இதை நான் அவளுக்கு எப்படிச் சொல்வது. வாயால் சொன்னால் கேட்காது. கையால் சொல்ல வேண்டும், அக்காவுக்கு எதையும் கையால் சொல்கிறவள் லூர்து, எனக்கு அந்தக் கைகள் தெரியாது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூண்டில் ஒரு அடி தவறினாலும் கீழே போய்விடுவாள், அதற்காகத்தான், முதலில் இவளை இந்தப் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்றுதான், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்பாடா" என்று அக்கா கம்பியை விட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறாள். "கால் வலி கால் வலின்னு காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டு இருந்தா பாவம். அவளை எறங்கச் சொல்லாத, ஒக்காந்தே வரட்டும், அந்தக் கரையில எறக்கிவிட்ரு. இந்தா, மொதல்ல இதப் புடி." குனிந்து, காலடியில் வைத்திருந்த தன் தூக்குவாளியை எடுத்து என்னிடம் நீட்டுகிறாள். வாங்கிக்கொள்கிறேன். சோறு இன்னும் சூடாக இருக்கிறது. வாக்கி-டாக்கியில் கனகவேல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். "பத்திரமா வைடா, கொட்டிறப் போற" என்கிறாள் அக்கா. சரிக்கா என்கிறேன். அவளுக்குக் கேட்காது. இன்னொரு தரம் தலையாட்டுகிறேன்.